தங்கக் கிண்ணமும் ஆட்டுப்பாலும்: கத்தோலிக்க வாழ்வில் 'ஏழ்மை' என்பது என்ன?

பீடத்தின் மேல் இருக்கும் திருப்பலிக் (பூசை) கிண்ணத்தின் உட்புறம் தங்க முலாம் பூசியது. அதே பீடத்தின் அருகில் நின்றுகொண்டு சாமியார் "பணத்தின் மேல் பற்று வைக்காதீர்கள்" என்று மறையுரை ஆற்றுகிறார். இது என்ன கணக்கு என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். வேறு மதத்து நண்பர்களும் கேட்பார்கள், கொஞ்சம் நாசூக்காக.

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல வேண்டுமானால், கத்தோலிக்க மரபு உடைமைகளைப் பற்றி என்ன சொல்கிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும். பலர் நினைப்பதுபோல அது சிக்கனப் பாடம் கிடையாது. சாமான்களை எல்லாம் கழித்துக்கட்டிவிட்டு வெள்ளைச் சுவரும் ஒற்றை நாற்காலியுமாக வாழும் பாணி ஒன்று இப்போது பிரபலமாக இருக்கிறதே, அதுவும் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் முழுக்க முழுக்கத் தனக்காகவே நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போகலாம். கத்தோலிக்கர் பேசும் ஏழ்மை, யாரோ ஒருவருக்கு இடம் விடுவதற்காக வருவது. அந்த ஒருவரை விட்டுவிட்டு இதை விளக்க முடியாது.

யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஒரு விருந்து வருகிறது. இடம் பெத்தானியா. இயேசு இறப்பதற்குச் சில நாள்களே இருக்கின்றன. லாசரின் சகோதரி மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தைக் கொண்டுவந்து இயேசுவின் காலடிகளில் பூசி, தன் கூந்தலால் துடைக்கிறார். வீடு முழுக்க மணம். சீடர் யூதாசுக்குப் பொறுக்கவில்லை. முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறார். ஒரு தெனாரியம் அன்று ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஏறக்குறைய ஓர் ஆண்டு உழைப்பு ஒரே மாலையில் காலில் ஊற்றப்பட்டுவிட்டது.

நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில் யூதாசின் பக்கம்தான் நிற்போம். கணக்குப்படி அவர் சொல்வது சரி. (அவர் பணப்பையிலிருந்து திருடுகிறவர் என்று யோவான் அடுத்த வரியிலேயே போட்டு உடைத்துவிடுகிறார், அது வேறு கதை.) ஆனால் இயேசு மரியாவைத் தடுக்கவில்லை. "ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள்; ஆனால் நான் எப்போதும் உங்களோடு இருக்கப்போவதில்லை" என்கிறார். ஏழைகளைக் கைகழுவுவதற்கு இந்த வசனத்தைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. அவர்கள் பழைய ஏற்பாட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இயேசு நினைவுபடுத்துவது இணைச்சட்டம் 15ஆம் அதிகாரத்தின் வரி. நாட்டில் ஏழைகள் இல்லாமல் போகமாட்டார்கள், ஆகவே அவர்களுக்கு உன் கையைத் தாராளமாகத் திற என்பதுதான் அங்கே சொல்லப்படுவது.

அந்த விருந்தில் யூதாசு ஏழைகளைப் பற்றிப் பேசினார், ஆனால் அவர் கண் தைலத்தின் விலையில் நின்றுவிட்டது. மரியாவின் கண் எதிரே இருந்தவர் மேல் இருந்தது. விலை அவருக்கு உறைக்கவே இல்லை. கத்தோலிக்க ஏழ்மையின் முதல் பாடத்தை இவ்வளவு செலவாளியான ஒரு பெண்ணிடமிருந்து கற்க வேண்டியிருப்பது எனக்குப் பிடித்த முரண்.

சிவப்பு விளக்கு

கத்தோலிக்கக் கோவிலுக்குள் போனால் பீடத்துக்குப் பின்னாலோ பக்கத்திலோ ஒரு சிறு பெட்டி தெரியும். நற்கருணைப் பேழை. அருகில் ஒரு விளக்கு, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், அணையாமல் எரியும். திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. அந்த அப்பத்தில் கிறிஸ்து வெறும் நினைவாக இல்லாமல் உண்மையாகவே உடனிருக்கிறார் என்பது கத்தோலிக்க நம்பிக்கையின் நடுப்புள்ளி. அதனால்தான் பூசை இல்லாத மதிய நேரத்திலும் யாராவது ஒருவர் அங்கே முழந்தாளிட்டிருப்பார். அவர் எதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஆராதனை என்று சொல்வது, அதன் பாட்டையும் தூபத்தையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், ஒருவரோடு சும்மா இருப்பதுதான்.

சரி, தங்கக் கிண்ணம்? அன்புக்குரியவருக்கு நல்லதைக் கொடுக்கத் தோன்றும், மரியா தைலம் கொண்டுவந்ததுபோல, என்று ஒரு பதில் உண்டு. உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் அது சாக்காகிவிடும். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் போதித்த புனித யோவான் கிறிசோஸ்தோம் அந்தச் சாக்கை விட்டுவைக்கவில்லை. மத்தேயு நற்செய்தி பற்றிய ஒரு மறையுரையில் அவர் கேட்பதன் சாரம் இது: கிறிஸ்துவின் உடலை மதிக்க விரும்புகிறாயா? கோவிலுக்குள் அவருக்குப் பட்டு போர்த்திவிட்டு வெளியே குளிரில் ஆடையின்றி நிற்கும் அவரைக் கைவிடாதே. 'இது என் உடல்' என்று சொன்னவர்தான் 'நான் பசியாய் இருந்தேன், நீங்கள் உணவு கொடுக்கவில்லை' என்றும் சொன்னார். முதலில் பசித்தவருக்குச் சோறு போடு, மிஞ்சியதைக் கொண்டு பீடத்தை அலங்கரி.

கிண்ணமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. வரிசையைச் சொல்கிறார். கோவிலைப் பெரிதாக்க நன்கொடைச் சீட்டு அடிக்கும் ஒவ்வொரு பங்கின் (ஒரு கோவிலைச் சேர்ந்த சமூகத்தின்) குழுவும் இந்த மறையுரையை ஒருமுறை வாசித்துவிட்டு அச்சகத்துக்குப் போகலாம் என்பது என் ஆசை.

சொத்து வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. கத்தோலிக்கத் திருச்சபை தனிச்சொத்துரிமையை ஏற்கிறது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் அதை வலியுறுத்திச் சொல்கிறது. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது: உலகின் பொருள்கள் எல்லா மனிதருக்காகவும் படைக்கப்பட்டவை. 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் இரண்டையும் இணைத்துவிட்டார். பொருளை உடைமையாக வைத்துப் பராமரிப்பது தனியாருடையதாக இருக்கலாம், பயன்படுத்தும்போது அதைப் பொதுவானதாகக் கருதி, தேவைப்படுகிறவரோடு பகிர மனமிருக்க வேண்டும் என்றார். அவருக்கும் முன்னால், 4ஆம் நூற்றாண்டு ஆயர் பேசில் இன்னும் காரமாகப் பேசினார். நீ பூட்டி வைத்திருக்கும் ஆடை ஆடையில்லாதவனுடையது என்பது அவர் வாதம்.

இங்கே புதியவர்கள் குழம்பும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 'ஏழ்மை' வார்த்தைப்பாடு, அதாவது கடவுள் முன் எடுக்கும் உறுதிமொழி, கொடுப்பவர்கள் துறவிகள் மட்டுமே. பிரான்சிஸ்கன், சேசு சபை, சலேசியம் போன்ற சபைகளின் அருட்பணியாளர்களும் சகோதரர்களும், அருள்சகோதரிகளும் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளை எடுக்கிறார்கள். மறைமாவட்டக் குருக்கள், அதாவது பெரும்பாலான பங்குச்சாமியார்கள், ஏழ்மை வார்த்தைப்பாடு எடுப்பதில்லை. அவர்கள் பெயரில் சொத்து இருக்கலாம். எளிமையாக வாழும்படி திருச்சபைச் சட்டம் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரு சாமியாரிடம் பைக் இருக்கிறது என்பதற்காக அவர் வாக்கு மீறிவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனாலும் ஏழ்மையின் உள்ளம் எல்லாருக்கும் பொதுவானது. மலைப்பொழிவில் "ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர்" என்று இயேசு சொன்னபோது எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் மடத்துத் துறவிகள் அல்லர்.

இந்த விஷயத்தில் திருச்சபைக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது. கிறிஸ்துவும் திருத்தூதர்களும் தனியாகவோ கூட்டாகவோ எதையுமே சொந்தமாக வைத்திருக்கவில்லை என்று பிரான்சிஸ்கன் துறவிகள் வாதிட, அப்படி அடித்துப் பேசுவது தப்பறை (திருச்சபைப் போதனைக்கு முரணான கொள்கை) என்று திருத்தந்தை 22ஆம் யோவான் 1323இல் தீர்ப்புச் சொன்னார். ஏழ்மையைக் கொண்டே கர்வப்படலாம், கட்சி கட்டலாம் என்பதற்கு அந்தக் காலம் நல்ல சாட்சி.

பத்தாயிரம் காசு கையில் வந்தால்

சொத்து இருக்கலாம், பற்று கூடாது என்று சொல்வது எளிது. பற்று இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு லொயோலா இஞ்ஞாசியாரை விடத் தெளிவாகச் சொன்னவர் குறைவு. சேசு சபையை நிறுவிய அவர், 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற தியானக் கையேட்டில் மூன்று வகை மனிதர்களை முன்வைக்கிறார். மூவரிடமும் ஆளுக்குப் பத்தாயிரம் பொற்காசு சேர்ந்திருக்கிறது. திருடிய பணம் இல்லை, ஆனால் கடவுள்மேல் உள்ள அன்பை மட்டும் கருதிச் சம்பாதித்ததும் இல்லை. அந்தப் பணத்தின் மேல் ஏற்பட்ட பிடிப்பு மூவருக்கும் உறுத்துகிறது.

முதலாமவர் பிடிப்பை விட வேண்டும் என்கிறார். சொல்லிக்கொண்டே இருக்கிறார். சாகும் நாள் வரை அதற்காக எதையும் செய்யவில்லை.

இரண்டாமவர்தான் ஆபத்தானவர், ஏனென்றால் அவர் நம்மைப் போலவே இருக்கிறார். பிடிப்பும் போக வேண்டும், பணமும் தன்னிடமே இருக்க வேண்டும். தான் விரும்புகிற இடத்துக்குக் கடவுள் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறார். ஜெபிக்கிறார், நேர்ச்சை வைக்கிறார், கொஞ்சம் தானமும் செய்கிறார். பணத்தை விடுவதா என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் மேசைக்கு எடுத்துக்கொண்டு வருவதே இல்லை.

மூன்றாமவர் பணத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. பலரும் தவறவிடும் இடம் இது. வைத்திருப்பது கடவுளுக்கும் அன்புக்கும் உகந்தது என்றால் வைத்திருப்பேன், விடுவது உகந்தது என்றால் விடுவேன், அது தெளிவாகும் வரை மனத்தளவில் விட்டுவிட்டவனாகவே நடந்துகொள்வேன் என்கிறார். இந்தச் சுதந்திரம்தான் இஞ்ஞாசியார் தேடுவது. அவர் கணக்கில் பொருள்கள் நன்மையோ தீமையோ அல்ல. எந்த அளவுக்கு இலக்குக்கு உதவுகின்றனவோ அந்த அளவுக்குப் பயன்படுத்து, எந்த அளவுக்குத் தடுக்கின்றனவோ அந்த அளவுக்கு விலகு.

ஆகவே கார் வாங்கலாமா, வீடு கட்டலாமா என்ற கேள்விகளுக்குக் கத்தோலிக்க மரபிலிருந்து விலைப்பட்டியல் கிடைக்காது. வங்கிக் கடனை அடைக்க ஞாயிறும் சேர்த்து ஓடிக்கொண்டிருக்கையில் அந்த வீட்டில் யாரோடு பேச நேரம் மிஞ்சுகிறது என்று வேண்டுமானால் கேட்கும்.

எல்லாம் தீர்ந்துபோன ஒரு சனவரி

இந்தக் கருத்தை ஒரு வாழ்க்கையாகப் பார்க்க விரும்பினால், புனித சார்லஸ் தெ ஃபூக்கோவைப் பார்க்கலாம். ஏழ்மைக்குப் பேர்போன அசிசியாரை (அசிசி நகரப் புனித பிரான்சிஸை) சொல்லாமல் இவரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அசிசியார் உடைகளைக் கழற்றித் தந்தையிடம் கொடுத்த காட்சி மிக அழகானது. அந்த அழகிலேயே நாம் மயங்கிவிடுகிறோம். ஃபூக்கோவின் கதை அவ்வளவு அழகாக இல்லை.

1858இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிரபு குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரும் இறந்துவிட, தாத்தா வளர்த்தார். இருபதாம் வயதில் தாத்தாவும் போனார், பெரும் சொத்து கைக்கு வந்தது. குதிரைப்படைப் பயிற்சிப் பள்ளியில் விருந்தும் கும்மாளமுமாகச் செலவழித்தார், வகுப்பில் கடைசியாகத் தேறினார். பையன் சொத்தை அழித்துவிடுவான் என்று பயந்த உறவினர்கள் நீதிமன்றத்துக்குப் போய் அவர் செலவுக்குக் கண்காணிப்பாளர் வைத்தார்கள். கடவுள் நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. பிறகு யூத ரபி வேடத்தில் மொரோக்கோ முழுக்கச் சுற்றி ஆய்வு செய்தார். பாரிசின் புவியியல் கழகம் 1885இல் தங்கப் பதக்கம் கொடுத்தது. வட ஆப்பிரிக்காவில் அவர் பார்த்த இஸ்லாமியரின் தொழுகை மனதுக்குள் எதையோ கிளறிவிட்டிருந்தது. 1886 அக்டோபரில் பாரிசின் புனித அகுஸ்தினார் கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்து (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு) நம்பிக்கைக்குத் திரும்பினார்.

1890இல் மௌனத்துக்கும் கடும் ஒழுங்குக்கும் பெயர்பெற்ற டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் சேர்ந்து, அங்கிருந்து அன்றைய ஓட்டோமான் சிரியாவில் இருந்த அக்பேஸ் மடத்துக்குப் போனார். கடுமையான, எளிய மடம். 1894இல் பக்கத்தில் இறந்துபோன ஓர் ஏழைத் தொழிலாளியின் உடல் அருகே ஜெபிக்க அனுப்பினார்கள். அந்த வீட்டுக்கும் தங்கள் மடத்துக்கும் உள்ள வித்தியாசம் அவரை உலுக்கியது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த துறவிக்கு நாளை சாப்பாடு நிச்சயம். அந்த வீட்டில் எதுவுமே நிச்சயம் இல்லை. மடத்தை விட்டு வெளியேறி நாசரேத்துக்குப் போய், கிளாரா சபைச் சகோதரிகளின் மடத்தில் வேலையாளாக, சாமான் வைக்கும் ஒரு குடிலில் தங்கினார். இயேசு போதித்தது ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், அதற்கு முன் முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் பெயர் தெரியாத தச்சராக ஊரோடு ஊராக இருந்தார் என்பது அவரை விடாமல் பிடித்துக்கொண்டது.

1901இல் குருவானார். அல்ஜீரியாவின் பெனி அப்பேஸ் சோலையிலும், 1905 முதல் சகாராவின் நடுவில் தமன்ராசெத் என்ற சிறு குடியிருப்பிலும் வாழ்ந்தார். அடிமைகளைப் பணம் கொடுத்து மீட்டார், அடிமை முறையைக் கண்டும் காணாமல் இருந்த பிரெஞ்சு அதிகாரிகளைக் கண்டித்து எழுதினார். தமன்ராசெத்தில் சுற்றிலும் துவாரெக் மக்கள், எல்லாரும் இஸ்லாமியர். பிரசங்கம் செய்து மதம் மாற்றுவது அவர் வழியாக இல்லை. அவர்கள் நடுவே நற்கருணையோடு வாழ்ந்தால் போதும், கிறிஸ்துவின் உடனிருப்பு அங்கே வந்துவிடும் என்று நம்பினார்.

1907இல் அதுவும் கைவிட்டுப் போயிற்று. அன்றைய ஒழுங்குப்படி, உதவிக்கு ஒரு கிறிஸ்தவராவது இல்லாமல் குருவானவர் தனியாகத் திருப்பலி நிறைவேற்ற முடியாது. தமன்ராசெத்தில் வேறு கிறிஸ்தவர் யாரும் இல்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு பூசை இல்லாமல் கழிந்தது. வெளியே கடும் வறட்சி. தன்னிடம் இருந்த உணவுப் பொருள்களை எல்லாம் ஊராருக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார். 1908 சனவரியில் படுத்த படுக்கையானார். அப்போது துவாரெக் மக்கள் நான்கு கிலோமீட்டர் சுற்றளவில் கொஞ்சமாவது பால் சுரக்கும் ஆடுகளைத் தேடிப் பிடித்து, கறந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கே பால் இல்லாத காலம் அது. பிழைத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியில், தனியாகத் திருப்பலி நிறைவேற்ற அனுமதி வந்த செய்தியும் கிடைத்தது.

அதுவரை அவர் கொடுப்பவராக இருந்தார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவர் என்றாலும், கொடுக்கிறவர் ஒரு படி மேலேதான் நிற்கிறார். அந்தச் சனவரியில் அந்தப் படி போய்விட்டது. ஏழ்மையில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளை விடுவதற்குத் துணிச்சல் இருந்தால் போதும். பிறரிடமிருந்து வாங்கிக்கொள்ள, அதுவும் நாம் உதவ வந்த மக்களிடமிருந்தே வாங்கிக்கொள்ள, துணிச்சல் உதவாது.

பிறகு அவர் செய்த பெரிய வேலை என்ன தெரியுமா? அகராதி. துவாரெக் மொழிக்கும் பிரெஞ்சுக்கும் பெரிய அகராதி ஒன்றை உருவாக்கினார், அவர்களுடைய பாடல்களை ஆயிரக்கணக்கான வரிகளில் திரட்டினார். ஒரு மக்களோடு இருப்பது என்றால் அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதும் அதில் அடங்கும் அல்லவா. குறைகளும் உண்டு. பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சி அந்த மக்களுக்கு நல்லது செய்யும் என்று நம்பினார், இராணுவ அதிகாரிகளோடு நெருக்கமாக இருந்தார். இன்று வாசிக்கும்போது அது உறுத்தத்தான் செய்கிறது.

1916 ஆகஸ்டில் நண்பர் லூயி மசினியோனுக்கு எழுதிய கடிதத்தில், மத்தேயு 25ஆம் அதிகாரத்து வரியைப்போலத் தன் வாழ்வை மாற்றிய நற்செய்தி வரி வேறில்லை என்கிறார்: சின்னஞ்சிறியவர் ஒருவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள். இதைச் சொன்ன அதே வாய்தான் 'இது என் உடல்' என்றும் சொன்னது என்று சேர்த்துக்கொள்கிறார். கிறிசோஸ்தோம் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிடித்த அதே முடிச்சு. நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 1ஆம் தேதி, கொள்ளையடிக்க வந்த ஆயுதக் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு நிலைத்து வாழ்ந்த சீடர் ஒருவரும் இல்லை.

2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. அதே நாளில், அதே திருப்பலியில் பட்டம் பெற்ற இன்னொருவரை நமக்கு நன்றாகத் தெரியும்: நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியையும் அந்தஸ்தையும் இழந்து, 1752இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை.

எங்கே தொடங்குவது?

ஃபூக்கோவின் இறப்புக்குப் பின் அவர் வழியில் பல குழுக்கள் முளைத்தன. 1933இல் இயேசுவின் சிறிய சகோதரர்கள், 1939இல் மக்தலேன் உட்டேன் தொடங்கிய இயேசுவின் சிறிய சகோதரிகள். பெரிய கல்விக்கூடம், மருத்துவமனை என்று நடத்துவது இவர்கள் வழியல்ல. தொழிற்சாலையிலோ வீட்டு வேலையிலோ கூலிக்குப் போய், சாதாரணக் குடியிருப்பில் இரண்டு மூன்று பேராக வாழ்கிறார்கள். நற்கருணைக்கு ஒரு மூலை, அக்கம்பக்கத்தாருக்குத் திறந்த கதவு.

குடும்பத்தோடு இருப்பவர்கள் அப்படியே செய்ய முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் இந்த ஆன்மீகக் குடும்பத்தில் குருக்களும் பொதுநிலையினரும் கடைப்பிடிக்கும் சில பழக்கங்களை யாரும் முயன்று பார்க்கலாம். நாள்தோறும் நற்கருணை முன் கொஞ்ச நேரம். முழு மணி நேரம் முடியாவிட்டால் வேலைக்குப் போகிற வழியில் கோவிலில் பத்து நிமிடம். மாதம் ஒரு முறை 'பாலைவன நாள்' என்று சில மணி நேரத்தைத் தனிமைக்கு ஒதுக்குவது, திட்டம் எதுவும் வகுத்துக்கொள்ளாமல். அப்புறம், நம்பிக்கைக்குரிய நாலைந்து பேரோடு கூடி, அந்த மாதம் நடந்ததை ஒளிக்காமல் பேசி, அதில் கடவுள் எங்கே இருந்தார் என்று சேர்ந்து தேடுவது. மூன்றாவதுதான் கஷ்டம். இஞ்ஞாசியாரின் இரண்டாம் மனிதர் மேசைக்குக் கொண்டுவராமல் வைத்திருக்கும் அந்தக் கேள்வியை, பெரும்பாலும் அங்கே வேறு யாராவது கேட்டுவிடுவார்கள்.